விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து

(சென்னை திருவல்லிக்கேணியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘பெண்ணை நிமிர வைத்தது அரசியல் கொள்கையா? இலக்கியமா?’ இலக்கிய அணியில் மூன்றாவதாகப் பேசிய தமிழாசிரியையின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு மணி நேரமாக மின்விசிறிக்கு நேர் கீழே இடம் தேடிக்கொண்டிருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

அச்சில் எதைக் கண்டாலும் சிவப்புப் பேனாவைத் தேடுவது தமிழாசிரியர்களின் வியாதி. இன்றைய அழைப்பிதழையும் அப்படித்தான் படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. வரவேற்புரை ஓர் ஐயா, தலைமையுரை ஓர் ஐயா, நன்றியுரை ஓர் ஐயா. குத்துவிளக்கு ஏற்றுபவர்கள் மட்டும் மூன்று அம்மாக்கள், மூவர் பெயரும் அவரவர் கணவர் பெயரோடு. பெண் நிமிர்ந்துவிட்டாள் என்று இரண்டு அணியும் ஒப்புக்கொண்டுதான் இங்கே வாதாடுகிறோம். குத்துவிளக்கை ஏற்றக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

எதிரணித் தலைவர் வழக்கறிஞர். ஆவணங்களை வரிசையாக அடுக்கினார். 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது என்றார். 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டது, 1989இல் அது சட்டமானது என்றார். கட்டணமில்லாப் பஸ், மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை என்று வந்து, கடைசியில் எங்கள் அணியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “கவிதை படித்து எந்தப் பெண்ணுக்காவது ஒரு சென்ட் நிலம் வந்ததா?” அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். நல்ல கேள்வி. அந்தக் கட்டணமில்லாப் பஸ்ஸில்தான் நான் இன்று வியாசர்பாடியிலிருந்து வந்தேன். நன்றி கெட்டவளாகப் பேசமாட்டேன்.

வரவில்லை ஐயா. கவிதையால் எனக்கு நிலம் வரவில்லை. சட்டத்தாலும் வரவில்லை. அந்தக் கதையைக் கேளுங்கள்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம். அப்பா விட்டுப் போனது ஒன்றரை ஏக்கர் மிளகாய்க் காடும் ஓர் ஓட்டு வீடும். அக்கா, நான், தம்பி என்று மூன்று பேர். 2009ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பொங்கலுக்கு முந்தைய வாரம், மூவரும் அம்மாவோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். வேப்பமரத்தடியில் பத்திர எழுத்தர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: விடுதலைப் பத்திரம்.

நடுவர் அவர்களே, தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் தாளுக்கு அதுதான் பெயர். பெண் விடுதலை என்று இந்த மேடையில் இதுவரை இருபது முறையாவது சொல்லியிருப்போம். நான் வாழ்க்கையில் கையெழுத்திட்ட ஒரே விடுதலை அது. ‘பிறர் தூண்டுதல் இல்லாமல், முழு மனச் சம்மதத்துடன்’ என்று நாலாவது வரியில் எழுதியிருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள். மூடிவிட்டுத் தம்பியிடம், “பொங்கலுக்கு வந்துவிடுவாய்தானே?” என்று கேட்டாள். ஒன்றரை ஏக்கரில் தன் பங்கைக் கொடுத்து, ஆயுளுக்கும் வருகிற பொங்கல் சீரை அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு சேலை, ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானைக்குப் பதிலாகச் சில வருடம் எவர்சில்வர்.

அந்த அறையில் சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. எனக்கு அது தெரியும். அம்மாவின் முகம் தம்பி பக்கம் இருந்தது. அம்மாவின் முகத்தை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது?

எதிரணி இங்கே சிரிக்கிறது. என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். ‘அம்மா, நீங்கள் அப்போது எம்.ஏ. தமிழ் முடித்தவர்தானே? அத்தனை இலக்கியம் படித்தும் கையெழுத்துப் போட்டீர்களே?’ போட்டேன். குறித்துக்கொள்ளுங்கள், தொகுப்புரையில் உதவும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அங்கே எங்களைத் தடுத்தது சட்டத்தின் குறை அல்ல. ஒரு முகம், ஒரு சீர், ‘தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும்’ என்கிற பயம். இதெல்லாம் எந்தக் கட்சியின் கொள்கை அறிக்கையிலும் இருக்காது. இருக்கவும் முடியாது, அது அவர்கள் வேலை இல்லை. யாருடைய வேலை என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

அதற்கு இன்னும் பதினைந்து வருடம் பின்னால் போக வேண்டும். 1994இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சென்னைக்கு வந்து, தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். கடையின் பெயர் வேண்டாம். சேலைப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் உட்காரலாம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும், அலமாரியில் சாயக் கூடாது, சாய்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். கணுக்கால் வீங்கி, இரவில் விடுதிச் சுவரில் காலைத் தூக்கிச் சாத்தி வைத்துப் படுப்போம். ஒரே அறையில் பதினான்கு பேர், சுவர் முழுக்கப் பாதங்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கால் வலிக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அது அநியாயம் என்று தெரியாது. கடை என்றால் நிற்பது என்று நினைத்தோம். மழை பெய்தால் நனைவது போல.

சேலம் பக்கமிருந்து சேலைக் கட்டுகள் வரும்போது மடிப்புகளுக்கு நடுவில் பழைய வார இதழ்த் தாள்களை வைத்து அனுப்புவார்கள். கட்டைப் பிரிக்கும் வேலை எனக்கு. ஒரு நாள் அப்படி ஒரு தாளில் ஒரு சிறுகதை. முதல் பக்கம் இல்லை, ஆகவே எழுதியவர் பெயரும் தெரியாது, கதையின் பெயரும் தெரியாது. கடைசிப் பக்கமும் இல்லை. நடுவில் இரண்டு பக்கம். ஒரு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டு, பாத்திரத்தில் மிஞ்சியதை அப்படியே வழித்துச் சாப்பிடுகிறாள். கூடத்தில் ஐந்து நாற்காலி காலியாக இருக்கிறது. அவ்வளவுதான் அந்த இரண்டு பக்கத்தில் நடப்பது.

கடையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆனால் காலி நாற்காலி என்ற இடத்தில் நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் பிரிவில் வாடிக்கையாளருக்குப் போட்ட ஸ்டூல்கள் எட்டு, மதியம் மூன்று மணிக்கு எட்டும் காலி. ஒரு வருடமாக அவற்றைத் தினமும் துடைத்திருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 2021இல். வழக்கறிஞர் ஐயா அதைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார், நானே சேர்த்துவிடுகிறேன். அருமையான சட்டம். அதற்காகப் போராடிய தொழிலாளர்களுக்கு என் வணக்கம். ஆனால் கடைகளுக்கும் நிறுவனங்களுக்குமான சட்டம் இங்கே 1947இலேயே வந்துவிட்டது. எழுபத்து நான்கு வருடம் எத்தனை கட்சிகள் ஆண்டன, எத்தனை கொள்கைகள் மேடையேறின! அத்தனை பேரும் துணி எடுக்க எங்கள் கடைகளுக்கும் வந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த எங்களிடம் சேலை பார்த்தார்கள். பெயர் தெரியாத ஓர் எழுத்தாளர் மட்டும் அடுப்படியில் நிற்கிறவளைப் பார்த்தார்.

இரண்டாவதாகப் பேசிய பேராசிரியை, ‘பெரியார் இல்லையென்றால் நீங்கள் இந்த மேடையில் நின்றிருக்க முடியாது’ என்றார். மறுக்கவில்லை. ‘பெரியார்’ என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்ததே 1938 நவம்பரில் இதே சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான். ஆனால் அவர் ஈரோட்டில் ‘குடிஅரசு’ இதழைத் தொடங்கிய அதே 1925இல், இந்த மண்டபம் இருக்கிற திருவல்லிக்கேணியில் இன்னொன்று நடந்ததைப் பேராசிரியை சொல்லவில்லை. வை.மு. கோதைநாயகி ‘ஜகன்மோகினி’ இதழைத் தன் பொறுப்பில் எடுத்தார்.

ஐந்தரை வயதில் கல்யாணம் செய்து வைக்கப்பட்டவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். பிறகு எழுதக் கற்றுக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார், இதழை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அவர் நாவல்கள் இலக்கியத் தரமா என்று இன்றைய விமர்சகர்கள் மூக்கைச் சுளிக்கலாம். எனக்கே பல இடங்களில் சுளிக்கும். ஆனால் எழுதத் தெரியாத ஒரு பெண் கதை சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதக் கற்றாள் என்பதை இந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் நினைப்பேன். அவர் காங்கிரஸ் மேடைகளில் பேசியவர், சிறைக்கும் போனவர், ஆகவே அவர் எங்கள் ஆள் என்று எதிரணி பங்கு கேட்கலாம். கேளுங்கள். பாதிப் பங்குதான், விடுதலைப் பத்திரம் எழுதித் தரமாட்டேன்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரைப் பேராசிரியை இயக்கத்தின் சாட்சியாக நிறுத்தினார். அவரை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்தவர். காங்கிரஸில் இருந்தார், சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார், ஊர் ஊராக மேடையில் பேசினார். இன்னொரு பக்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சட்டமன்றத்துக்குள் போய் வாதாடினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை முழுவதுமாகத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947இல். இருபது ஆண்டு. இந்த இருபது ஆண்டின் நடுவில், 1936இல், மேடையும் இயக்கமும் கையில் இருந்த ராமாமிர்தம் அம்மையார் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினார். ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’. ஏன் எழுத வேண்டும்? தீர்மானம் போதவில்லை. ‘இது எங்கள் குலதர்மம், இதில் என்ன தவறு’ என்று ஒரு தாயே மகளிடம் சொல்லும் வீட்டுக்குள் தீர்மானம் நுழையாது. கதை நுழையும். எதிரணி நண்பர்களே, உங்கள் சரக்கு எங்கள் வண்டியில்தான் வந்து இறங்கியது. வண்டிச் சத்தத்தையாவது கொடுங்கள்!

அடுத்து கவிஞர் சல்மா. மூன்றாவதாகப் பேசிய தம்பி அவரை மிகத் திறமையாகப் பயன்படுத்தினார். வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர், வீட்டுக்குள் அடைபட்டவர், 2001இல் பெண்களுக்கான இடஒதுக்கீட்டால் துவரங்குறிச்சியை உள்ளடக்கிய பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவரானார், இன்று மாநிலங்களவை உறுப்பினர், ஆகவே அவரை வெளியே கொண்டுவந்தது அரசியல் என்றார். தம்பி, கொஞ்சம் காலண்டரைத் திருப்புங்கள். அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வந்தது 2000இல். அதற்குப் பல வருடம் முன்பிருந்தே வீட்டாருக்குத் தெரியாமல், பிடிபடாமல் இருக்க வேறொரு பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். ‘சல்மா’ என்ற பெயரே கவிதைக்காகச் சூடிக்கொண்டது. இடஒதுக்கீடு ஒரு நாற்காலியைத் தந்தது, சந்தோஷம். உட்காரப் போனவள் அதற்கு முன்பே தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் எத்தனையோ இடங்களில் மனைவி கையெழுத்துப் போட, கணவர் ‘தலைவர்’ என்று ஊருக்குள் சுற்றினார். அது உங்களுக்கும் தெரியும், இந்த அவைக்கும் தெரியும்.

இலக்கியம் ஒன்றும் பரிசுத்த ஆவி அல்ல. கணவன் காலில் விழுந்து அழும் கதாநாயகிகளை வாரா வாரம் அச்சடித்ததும் இலக்கியம் என்ற பெயரில்தான். பெண் கவிஞர்கள் தங்கள் உடலைப் பற்றித் தாங்களே எழுதியபோது, பெண்ணின் உடலை வர்ணித்தே பிழைத்தவர்கள் ‘ஆபாசம்’ என்று கொதித்ததையும் பார்த்தோம். அதையெல்லாம் எதிரணி சொல்லாமல் விட்டது பெருந்தன்மையா, படிக்காததா என்று தெரியவில்லை.

ஆனால் இலக்கியத்துக்கு ஒரு குணம் உண்டு, அது அரசியலுக்குக் கிடையாது. ப. சிவகாமி 1989இல் ‘பழையன கழிதலும்’ நாவலை எழுதினார். அதில் வருபவர் ஒரு தலித் தலைவர். ஊரில் ஒடுக்கப்பட்டவர்களுக்காக நிற்பவர். அந்தத் தலைவரின் வீட்டுக்குள் நாவல் நம்மைக் கூட்டிப்போகிறது. அங்கே அவர் தன் மனைவியரை எப்படி நடத்துகிறார், மகள் அதை எப்படிப் பார்க்கிறாள் என்று காட்டுகிறது. எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறாயா என்று நம் பக்கத்திலிருந்தே கேட்பார்கள் என்று தெரிந்தும் எழுதியது. அதோடு விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே நாவலுக்கு ஆசிரியர் குறிப்பு என்று இன்னொரு நூல் எழுதி, தான் எழுதியது நியாயம்தானா என்று தன்னையே விசாரித்தார். வழக்கறிஞர் ஐயா, உங்கள் அனுபவத்தில் எந்தக் கட்சியாவது தன் பழைய தேர்தல் அறிக்கைக்கு இப்படி ஒரு குறிப்பு எழுதியதுண்டா?

பெண்ணுரிமை பேசாத கட்சி இன்று தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாச் சுவரொட்டியிலும் பெண்தான். 2021 தேர்தலில் 234 பேரில் சட்டமன்றத்துக்குள் போன பெண்கள் 12 பேர். மகளிர் மாநாட்டுக்கு இருபது பஸ் நிறையப் பெண்களைத் திரட்டத் தெரிந்த கட்சிகளுக்கு, வேட்பாளர் பட்டியல் எழுதும் இரவில் ஒரு பெயரும் நினைவுக்கு வருவதில்லை. தீர்மானம் அவர்கள் எதிரிகளைத் திருத்துவதற்கு. தங்களுக்கு அல்ல. சிவகாமியின் நாவல் செய்த வேலையை அங்கே செய்ய ஆள் இல்லை.

நடுவர் ஐயா மணியின் மேல் கை வைத்துவிட்டார். இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள், அந்தத் துண்டுக் கதையை முடிக்க வேண்டும்.

அந்த இரண்டு பக்கத்தை நான் விடுதிக்கு எடுத்துப் போனேன். பதினான்கு பேரும் படித்தோம். கோலப்பொடியும் ஜாக்கெட் பின்னும் வைக்கும் டப்பாவில் மடித்து வைத்திருந்தேன், மடிப்பிலேயே கிழிந்து போயிற்று. கடையை விட்டு அஞ்சல் வழியில் படித்து, மாநகராட்சிப் பள்ளியில் வேலை கிடைத்து, அம்மாவை வியாசர்பாடிக்கே அழைத்து வந்துவிட்டேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. இரவில் நான் ஏதாவது வாசிப்பேன், அவர் கேட்பார். பிடிக்காவிட்டால், “இவனுக்கு வேலை இல்லையா?” என்பார். பெரிய பெரிய எழுத்தாளர்களெல்லாம் அந்த ஒரு வரியில் அடிபட்டிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் கணவரும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்துவிட்டோம். இந்தப் பட்டிமன்றத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டே அம்மாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன், ஜவுளிக்கடையில் கிடைத்த தாள், அடுப்படி, ஐந்து நாற்காலி எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டே வந்து, “அப்புறம் அவள் உட்கார்ந்தாளா?” என்றார்.

“தெரியவில்லை அம்மா. கடைசிப் பக்கம் கிடைக்கவில்லை.”

“உட்கார்ந்திருக்க மாட்டாள்,” என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. நான் குறிப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்மா சமையலறை மேடையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கையில் குழம்புச் சட்டி. அதில்தான் சோற்றைப் போட்டுப் பிசைந்திருந்தார். அவரும் அந்தச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.